பாட்டு வேண்டும், பாடியவர் வேண்டாமா?

செந்துறை வட்டாரத்தில், முந்திரித் தோப்புகளை ஒட்டிய ஒரு சேரியில் சாவு வீடு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஒப்பாரி, பறை பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்காக அங்கே போயிருந்தேன். அது எனக்கு அந்நிய ஊர் இல்லை. அம்மா வழியில் எல்லோரும் ஏதோ ஒரு முறை வேண்டியவர்கள். பந்தலுக்கு ஓரமாக உட்கார்ந்து கைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தேன். எனக்கு அத்தை முறையாகும் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், பாடி முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏ புள்ள, இத எடுத்துக்கிட்டுப் போயி என்னா பண்ணுவ?"

"எழுதுவேன் அத்த. ஆராய்ச்சிக்கு."

"எழுதுனா?"

"டாக்டர் பட்டம் குடுப்பாங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றேன். அவர் சிரித்தார். குத்திக்காட்டும் சிரிப்பு இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார், தெரிந்துகொண்டார், அடுத்து வந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு அழப் போய்விட்டார். அந்த "யாருக்கு?" மட்டும் என்னோடு பேருந்தில் ஏறி வந்துவிட்டது.

இந்தக் கேள்வியை என்னைவிடப் பல ஆண்டுகள் முன்பே எதிர்கொண்டு, வாழ்க்கையாலேயே பதில் சொல்ல முயன்ற ஒருவர் நம்மிடையே இருந்தார். கே.ஏ.குணசேகரன். இன்று தனியிசை, ராப், கானா என்று கேட்கும் தோழர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் 'மனுசங்கடா' தெரியும். ஏதாவது ஒரு போராட்டப் பந்தலில், ஏதாவது ஒரு மாணவர் கூட்டத்தில் அந்தப் பாடலைக் கேட்காமல் இங்கே யாரும் அரசியலுக்கு வந்திருக்க முடியாது. இன்குலாப் எழுதினார், குணசேகரன் மெட்டமைத்துப் பாடினார். பாட்டு தெரிந்து பாடியவரைத் தெரியாமல் இருப்பது தற்செயல் இல்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருகிறேன்.

குணசேகரன் 1955இல் இளையான்குடிக்கு அருகே மாரந்தை என்ற ஊரில் பிறந்தார். தன் இளமைக் காலத்தை 'வடு' என்ற தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். 2005இல் காலச்சுவடு வெளியிட்டது. மெலிந்த புத்தகம். பேச்சுத் தமிழில், அலங்காரம் எதுவும் இல்லாமல் போகும். பள்ளியில் சாதிப் பெயரால் அடையாளம் காட்டப்படுவதில் தொடங்கி, பசி, கூலி வேலை, ஊருக்கு ஊர் மாறும் தீண்டாமையின் வடிவங்கள் என்று நகரும். இளையான்குடியில் இசுலாமியர்களோடு பழகிய வாழ்க்கைக்கும் கிராமத்தில் சாதி இந்துக்களிடம் பட்டதற்கும் இருந்த வித்தியாசத்தைச் சின்ன வயதிலேயே அவர் உணர்ந்தது அதில் பதிவாகியிருக்கிறது. பாடுகிற பையனாக இருந்ததால் சில கதவுகள் திறந்தன. பாடி முடித்ததும் அதே கதவுகளில் சில மூடவும் செய்தன.

ஒரு கலைஞருக்கு யார் பாதிப்பு என்று கேட்டால் குருமார்களின் பட்டியலைச் சொல்வது சபா மரபு. குணசேகரனின் பட்டியலை அப்படி எழுத முடியாது. நடவு வயலில் பாடிய பெண்கள், சாவு வீட்டில் அழுத பெண்கள், கூத்து மேடை, இடதுசாரி இயக்கங்களின் கலை இரவுகள், அம்பேத்கரிய அரசியல். ஒரே குரலுக்குள் இத்தனையும் இருந்தன. அவர் பாடும்போது தொண்டையை மூடி மெருகேற்றிப் பாடுவதில்லை. வயல்வெளியில் அடுத்த வரப்பில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்பதுபோல் வாய்விட்டுப் பாடுவார். அது பயிற்சி இல்லாத குரல் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அந்தக் குரலுக்கான பயிற்சிக்கூடம் வேறு என்பதுதான் உண்மை.

'தன்னானே' என்பது அவர் நடத்திய கலைக்குழுவின் பெயர். நடவுப் பாட்டிலும் கும்மியிலும் வரி தொடங்குவதற்கு முன் வாயில் வரும் அசை அது. பொருள் இல்லாத சொல் என்று இலக்கணக்காரர்கள் சொல்லலாம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் குனிந்து நிமிர்வதற்கான கணக்கு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. வேலையிலிருந்து பிறந்த இசை என்பதைக் குழுவின் பெயரிலேயே அவர் வைத்துவிட்டார்.

அவருடைய படைப்புப் பழக்கங்களில் இரண்டை முக்கியமாகப் பார்க்கிறேன். ஒன்று, களத்தில் பாடல் சேகரிப்பதையும், அதை ஆராய்வதையும், மேடையில் பாடுவதையும் அவர் தனித்தனி வேலைகளாகப் பிரிக்கவில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியர். சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். அந்தப் பதவிகளில் இருந்துகொண்டே வீதியில் பாடினார். 'பலி ஆடுகள்' போன்ற நாடகங்களை எழுதினார். தலித் அரங்கியல் என்று ஒரு துறை உண்டு என வாதிட்டுப் புத்தகம் எழுதினார். ஆய்வாளர் வேறு, தகவலாளி வேறு என்ற பிரிவினை அவருக்குள் வேலை செய்யவில்லை. ஏனென்றால் இரண்டுமே அவர்தான்.

இரண்டாவது பழக்கம், மக்களிடம் ஏற்கெனவே இருக்கும் மெட்டில் புதிய சொற்களை உட்கார வைப்பது. இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. தெரிந்த மெட்டில் தெரியாத சொல் வந்தால் கேட்பவர் முதல் முறையிலேயே சேர்ந்து பாடிவிடுவார். காலங்காலமாகக் குனிந்து நட்ட உடம்புக்குள் இருக்கும் தாளத்தில் "நாங்களும் மனுசங்கதான்" என்ற செய்தி ஏறினால், அது துண்டறிக்கையைவிட வேகமாகப் போகும். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை வரலாறாகப் படிக்காத எத்தனையோ பேர், அந்தக் கோபத்தைப் பாட்டாகத் தெரிந்துவைத்திருப்பது இதனால்தான். அந்தப் பாட்டின் பெயரையே அம்ஷன் குமார் 2017இல் தன் படத்துக்கு வைத்தார். இறந்துபோன தந்தையின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துச் செல்ல முடியாத ஒரு மகனின் கதை அது.

குணசேகரனையும் அவரைப் போன்றவர்களையும் "தமிழ் ப்ளூஸ்" என்று அறிமுகப்படுத்தும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. ஒப்பாரிதான் நம் ப்ளூஸ் என்று எழுதுகிறார்கள். இந்த ஒப்பீட்டில் எனக்கு எரிச்சலும் உண்டு, ஈர்ப்பும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பெயர் தாங்கி வந்தால்தான் நம் பாட்டிகளின் பாட்டுக்கு மதிப்பு வருமா என்பது எரிச்சல். ஆனால் வடிவத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒப்பீட்டில் விஷயம் இருக்கிறது. ப்ளூஸில் ஒரு வரியைப் பாடுவார்கள், அதையே திரும்பப் பாடுவார்கள், மூன்றாவது வரியில் பதில் வரும். திரும்பப் பாடும் அந்த நேரத்தில் பாடகர் பதிலை யோசித்துக்கொள்கிறார். எங்கள் ஊர் ஒப்பாரியிலும் ஒருவர் வரியைச் சொல்லி இழுப்பார். சுற்றி இருப்பவர்கள் அந்த இழுப்பில் சேர்ந்துகொள்வார்கள். அந்த இடைவெளியில் அடுத்த வரி பிறக்கும். மனப்பாடமாகப் பத்து உருவகங்கள் கையில் இருக்கும். செத்தவருக்கு ஏற்றபடி அவை மாறும். அங்கேயே, அப்போதே உருவாக்கும் கலை இது.

என் அத்தை அன்று பாடியதில் சுண்ணாம்புக்கல் லாரி வந்தது. அரியலூர் மாவட்டத்தில் இது எல்லோருக்கும் புரியும். சிமெண்ட் ஆலைகளுக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகள் கிராமத்துச் சாலைகளில் ஓடுகின்றன. பழைய ஒப்பாரியில் தங்கப் பல்லக்கும் பட்டுக் குடையும் வரும் இடத்தில் அத்தை லாரியை வைத்தார். வெள்ளைப் புழுதியை வைத்தார். நாட்டுப்புறக் கலை மாறாமல் உறைந்து கிடப்பது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அன்றாடம் சாவு விழும் ஊரில் எந்தப் பாட்டு உறைந்திருக்கும்?

ப்ளூஸோடு ஒப்பிடுவதென்றால் இசையோடு நிறுத்தாமல் அந்த இசைக்கு என்ன நடந்தது என்பதையும் சேர்த்து ஒப்பிடுவோம். லெட் பெல்லி என்று அழைக்கப்பட்ட ஹடி லெட்பெட்டரை 1933இல் லூசியானாவின் அங்கோலா சிறையில் கண்டுபிடித்துப் பதிவு செய்தவர்கள் ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும். நாட்டார் இசை சேகரிப்பில் அவர்கள் பெரிய பெயர்கள். சிறையிலிருந்து வெளியே வந்த லெட் பெல்லி, ஜான் லோமாக்ஸுக்குக் கார் ஓட்டினார். மேடையில் கைதி உடையில் நிறுத்தப்பட்டார். அவர் பாடிய பாடல்களின் உரிமையில் லோமாக்ஸின் பெயரும் ஏறியது. அவருடைய 'குட்நைட் ஐரீன்' பாடலை 1950இல் தி வீவர்ஸ் என்ற வெள்ளையர் குழு பாடி, அமெரிக்காவின் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. லெட் பெல்லி அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1949 டிசம்பரில் இறந்துவிட்டார்.

எலிசபெத் காட்டன் கதை இன்னும் நெருக்கமானது. சிறுமியாக இருந்தபோதே 'ஃப்ரெய்ட் ட்ரெயின்' பாடலை உருவாக்கியவர். இடது கைப் பழக்கம்; வலது கைக்காரர்களுக்கான கிதாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். பிறகு பல பத்தாண்டுகள் கிதாரை விட்டுவிட்டு வீட்டு வேலை செய்தார். இசை ஆய்வாளர்களான சீகர் குடும்பத்தில் வேலைக்காரப் பெண்ணாக இருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த கிதாரை எடுத்து வாசித்ததைக் கேட்டுத்தான் அவர் கலைஞர் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. அவருடைய பாட்டு கடல் கடந்து போய் 1950களில் பிரிட்டனில் வேறு யாரோ எழுதியதாகப் பதிவாகி வெற்றி பெற்றது. பெயர் பிறகுதான் திரும்பி வந்தது. 1985இல் கிராமி விருது கிடைத்தபோது அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது.

இது அமெரிக்கக் கதை என்று நினைத்தால் நம் கதையைப் பாருங்கள். 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு. நிலமற்றவரின் ஒப்பாரி உலகம் முழுக்க ஆட்டம் போட வைத்தது. அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில், அறிவின் பாடல்களுக்காகப் பேசப்பட்ட கலைஞர்கள் இருந்தார்கள், அறிவு இல்லை. பா.ரஞ்சித் பொதுவெளியில் கேட்ட பிறகுதான் அது விவாதமானது. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாடல் ஒலித்தது, அறிவு மேடையில் இல்லை. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்றார்கள், யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வாதமும் நடந்தது. கூட்டு உழைப்பில் எல்லோருக்கும் பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் பங்கு குறையும்போது முதலில் குறைவது எப்போதும் யாருடைய பெயர் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் சிலர் சொல்வார்கள்: "நாட்டுப்புறப் பாட்டு மக்களுடையது. அதற்குத் தனி உரிமையாளர் கிடையாது." கேட்க முற்போக்காக இருக்கும். சபாவில் பாடப்படும் கீர்த்தனையின் கடைசியில் இயற்றியவரின் முத்திரை வரும். அதைத் தவறாமல் பாடுவார்கள். வயலில் பாடிய பெண்ணின் பாட்டு மட்டும் எப்படி எல்லோருக்கும் பொதுவாயிற்று? அவர் நட்ட வயல் பொதுவாக இல்லையே. சுடுகாட்டுப் பாதை பொதுவாக இல்லையே. 2019 ஏப்ரல் 18 அன்று, மக்களவைத் தேர்தலுக்கு வாக்களிக்கும் நாளில், பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. தெருவைப் பொதுவாக வைத்துக்கொள்ள முடியாதவர்கள் நம் பாட்டைப் பொதுவாக்குவதில் மட்டும் தாராளமாக இருக்கிறார்கள்.

பறைக்கு வருகிறேன். வேப்ப மரத்தில் மூன்று துண்டுகளாக அறுத்துச் சேர்த்த சட்டம். புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி இழுத்துக் கட்டிய மாட்டுத்தோல். ஒரு கையில் அடிக்குச்சி, இன்னொரு கையில் சுண்டுக்குச்சி. வைக்கோல் தீயில் காய்ச்சினால்தான் தோல் இறுகிக் குரல் ஏறும். இந்தக் கருவியை என் தாய்மாமா இருபத்தைந்து வயது வரை அடித்தார். 1990களில் எங்கள் சேரி கூடி, இனி ஊர்ச் சாவுக்குப் பறையடிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தது. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் அந்தக் காலத்தில் எடுக்கப்பட்ட முடிவுதான். அதன் விலையாக ஒரு வெள்ளாமை முழுக்க எங்கள் ஆட்களுக்கு வெங்காயக் காட்டில் வேலை தரவில்லை. மாமா பறையை எரவானத்தில் சொருகினார். பிறகு எடுக்கவே இல்லை.

அதே 1990களில் மதுரையிலும் பிற இடங்களிலும் தலித் கலை விழாக்கள் நடந்தன. பறை விடுதலையின் கருவியாக மேடை ஏறியது. குணசேகரன் அந்த அலையின் முன்வரிசையில் இருந்தவர். ஆக, ஒரே காலத்தில் ஒரு பக்கம் பறையைக் கீழே வைத்தோம், இன்னொரு பக்கம் கையில் எடுத்தோம். இது முரண்பாடு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இழிவின் சின்னத்தை ஏன் கொண்டாடுகிறீர்கள் என்று கேட்பவர்கள் நம் இயக்கத்துக்குள்ளேயே உண்டு. செத்த மாட்டைத் தூக்கும் வேலையை விடுங்கள் என்று அம்பேத்கர் சொன்னதை அவர்கள் நினைவூட்டுவது நியாயம்தான். பண்பாட்டைக் கைவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும் என்று கேட்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது.

மாமாவின் கடைசிக் காலத்தில், பெரம்பலூரில் கல்லூரி படிக்கும் என் அக்கா மகன் பறையடிக்கும் காணொளியை அவரிடம் காட்டினேன். கோபப்படுவார் என்று பயந்தேன். இரண்டு முறை பார்த்தார். "அடி சுத்தமா இல்ல" என்றார். பிறகு, "அவன் இஷ்டப்பட்டு அடிக்கிறான். நான் இஷ்டப்பட்டு உட்டேன்" என்றார்.

எத்தனையோ கட்டுரைகள் படித்தும் கிடைக்காத தெளிவு எனக்கு அங்கே கிடைத்தது. பிரச்சினை கருவியில் இல்லை. அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை அடிப்பவருக்கு இருக்கிறதா என்பதில் இருக்கிறது. மறுக்க முடியாதபோது அது அடிமை வேலை. மறுக்க முடிந்த பிறகு, அதே தோலில் அதே அடியை அடித்தாலும் அது கலை. மாமா விட்டதும் அந்தப் பையன் எடுத்ததும் ஒரே உரிமையின் இரண்டு பக்கங்கள். மாமாவின் தலைமுறை பறையைக் கீழே வைத்திராவிட்டால், இந்தத் தலைமுறை அதைத் தலைநிமிர்ந்து எடுத்திருக்க முடியாது.

இன்குலாப்பும் அதைத்தான் வாழ்ந்து காட்டினார். கலைமாமணி விருதைத் திருப்பிக் கொடுத்தவர் அவர். 2016 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு சாகித்திய அகாதெமி அறிவிக்கப்பட்டபோது அவர் குடும்பம் அதை ஏற்க மறுத்தது. 'மனுசங்கடா' எழுதியவருக்கு மறுப்பு என்பது பாட்டில் வரும் சொல்லாக மட்டும் இருக்கவில்லை.

இப்போது நம் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொள்வோம். என் அக்கா மகனுக்கும் நண்பர்களுக்கும் பறை கற்றுக்கொடுத்தவர் பக்கத்துச் சேரியைச் சேர்ந்த ஐம்பது வயதுக்காரர். கல்லூரி விழாவில் மாணவர்கள் கறுப்புச் சட்டை போட்டு ஆடினார்கள். மேடையில் "நம் பாரம்பரியக் கலை" என்று அறிவித்தார்கள். யாருடைய பாரம்பரியம் என்று சொல்லவில்லை. ஆசிரியருக்கு ஒரு பொன்னாடையும் ஒரு கேடயமும் தந்தார்கள். பதினைந்து நாள் கற்றுக்கொடுத்ததற்குக் கூலி இல்லை. அவர் அன்று இரவே ஒரு சாவு வீட்டுக்குப் போய் விடிய விடிய அடித்தார். அங்கே கூலி இருக்கிறது, பொன்னாடை இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும் மேடையை நாம் அவருக்கு இன்னும் கட்டவில்லை. அன்று கைத்தட்டியவர்களில் நானும் ஒருத்தி. அவருக்கு என்ன தந்தார்கள் என்று மறுநாள்தான் கேட்டேன்.

கே.ஏ.குணசேகரன் 2016 ஜனவரி 17 அன்று புதுச்சேரியில் இறந்தார். அதே நாளில்தான் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். உதவித்தொகை நிறுத்தப்பட்டு, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்த ஆய்வு மாணவர். அன்று இரவு எங்கள் அறையில் ஒருவரும் தூங்கவில்லை. ரோஹித்துக்காகப் போராட்டத்துக்குப் போன இடத்தில், குணசேகரன் இறந்த செய்தி தெரியாமலேயே 'மனுசங்கடா' பாடினோம். பாடி முடித்த பிறகு ஒரு தோழர் கைபேசியைப் பார்த்துச் சொன்னார். பாட்டு இருந்தது, பாடியவர் இல்லை என்பது அன்று எங்களுக்கு உருவகமாக இல்லை.

இரண்டு மரணங்களையும் சமமாக்க வரவில்லை. ஒருவர் அறுபது வயதில் நோயுற்று மறைந்த பேராசிரியர். இன்னொருவரைப் பல்கலைக்கழகம் வாழ விடவில்லை. ஆனால் சேரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகிற ஒருவர் அங்கே என்னவாக இருக்க முடியும் என்ற கேள்வி இருவருக்கும் பொது. குணசேகரன் பாட்டை வெளியே விட்டுவிட்டு உள்ளே போகவில்லை. பாட்டோடு போனார். நாற்காலி கிடைத்த பிறகும் மேடையிலிருந்து இறங்கவில்லை. என்னைப் போன்றவர்கள் அவரிடம் கற்க வேண்டியது அவருடைய மெட்டுகளை மட்டும் இல்லை.

அதனால் சில விஷயங்களைத் திட்டவட்டமாகச் சொல்கிறேன். ஆய்வேடுகளில் பாடியவர்களைப் பின்னிணைப்பில் "தகவலாளர், பெண், வயது 62" என்று போடுவதை நிறுத்த வேண்டும். அவர் விரும்பினால் ஆசிரியர் இடத்தில் அவர் பெயர் வர வேண்டும். பதிவு செய்த ஒலியின் பிரதி அவரிடமும் அவர் ஊரிடமும் இருக்க வேண்டும். பறை கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு இளைஞர் குழுவும் கற்றுக்கொடுப்பவருக்கு, பரதம் சொல்லிக்கொடுப்பவருக்குக் கொடுப்பதைப் போல மாதக் கட்டணம் கொடுக்க வேண்டும். கல்லூரியில் இசை ஆசிரியர் பணியிடம் இருந்தால், பறைக்கும் இருக்க வேண்டும். அதில் அடிக்கத் தெரிந்தவர் உட்கார வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியத்தில் சாவுக்கு அடிக்கும் கலைஞரையும் ஒப்பாரி பாடும் பெண்ணையும் தேடிப்போய்ச் சேர்க்க வேண்டும். சென்னையில் பொங்கலுக்கு நடக்கும் சங்கமம் போன்ற விழாக்கள் நல்லவை. ஆனால் ஆண்டுக்கு நான்கு நாள் கலைஞராக இருப்பவர் மிச்ச நாட்களில் என்னவாக நடத்தப்படுகிறார் என்பதும் அந்த அரசின் பொறுப்பு.

"இதெல்லாம் சாதியோடு கலையைக் கட்டிப்போடுவதாகாதா? பறையர்தான் பறையடிக்க வேண்டுமா?" என்று கேட்கலாம். யாரும் அடிக்கலாம். எல்லோரும் அடிக்க வேண்டும் என்பதுதான் விருப்பம். ஆதிக்கச் சாதிப் பிள்ளைகள் பறை கற்கட்டும். கற்ற பிறகு தங்கள் வீட்டுச் சாவுக்கு அவர்களே அடிக்கட்டும். கல்லூரி மேடையில் அடித்துவிட்டுத் தாத்தா செத்தால் சேரிக்கு ஆள் அனுப்புவது சாதி ஒழிப்பு ஆகாது.

அத்தையிடம் திரும்பிப் போனேன். எழுதியதை எல்லாம் வாசித்துக் காட்டினேன். சில சொற்களைத் திருத்தினார். ஓர் இடத்தில் நான் தப்பாகக் கேட்டு எழுதியதற்குப் பொருள் விளக்கமும் கொடுத்திருந்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். பெயர் போடலாமா என்று கேட்டதற்கு, "மருமவகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை.

கடைசியில், லாரி வரும் பாட்டைப் போட்டுக் காட்டினேன். சாவு வேறு ஒருவருடையது என்றாலும் அந்த வரிகள் அவர் மகனுக்குப் பாடியவை. அவன் வேலைக்குப் போன இரு சக்கர வாகனத்தின் மேல் கல் லாரி ஏறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கொஞ்ச நேரம் கேட்டார். "இது வேணாம் புள்ள. இது அவனுக்குப் பாடுனது. மத்ததெல்லாம் எடுத்துக்க" என்றார்.

என் ஆய்வில் அதைவிட முக்கியமான பதிவு வேறு இல்லை. மூன்றாம் இயலே அந்தப் பாட்டை நம்பித்தான் இருந்தது. அவர் முன்னாலேயே அழித்தேன். அழிந்துவிட்டதா என்று கைபேசியை வாங்கி ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, மற்ற பாட்டுகளை எப்போது புத்தகமாகப் போடுவாய் என்று கேட்டார்.